எக்ஸ்டென்ஷன்: விரிவது வயல் அல்ல

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒன்றிய அலுவலகத்தை ஒட்டி ஒரு கட்டடம். பலகையில் ‘வேளாண்மை விரிவாக்க மையம்’ என்று எழுதியிருக்கும். சின்ன வயதில் விதைநெல் வாங்கப் பெரியப்பாவோடு அங்கே போவேன். ஒருமுறை அவர் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “நெலத்தை விரிவாக்கறதுக்குக் கடன் கிடன் குடுப்பாங்களாப்பா?”

எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. பல வருஷம் கழித்து, அமெரிக்கக் கவுண்டிகளின் (அங்கே மாவட்டம் போன்ற பகுதிகள்) வேளாண் செய்திகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் புரிந்தது. சாலை விரிவாக்கம் என்றால் சாலை அகலமாகிறது. விமான நிலைய விரிவாக்கம் என்றால் ஓடுதளம் நீள்கிறது. அப்படியானால் வேளாண்மை விரிவாக்கம் என்றால் வேளாண்மைதானே பெருகவேண்டும்? தமிழ் தெரிந்த ஒருவர் அந்தச் சொல்லை வேறு எப்படிப் படிப்பார்?

பலகையில் இருந்த ‘விரிவாக்கம்’, ஆங்கில ‘எக்ஸ்டென்ஷன்’ என்பதன் மொழிபெயர்ப்பு. அது லத்தீனிலிருந்து வந்த சொல். வேரில் இருக்கும் பொருள் வெளியே நீட்டுவது, கை எட்டுவது. கல்வித் துறைக்குள் இந்தச் சொல் நுழைந்தது இங்கிலாந்தில். 1867இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் வட இங்கிலாந்து நகரங்களுக்குப் போய், பல்கலைக்கழகத்தின் வாசலையே மிதித்திராத பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் விரிவுரை நடத்தினார். 1873இல் கேம்பிரிட்ஜ் அதை முறையான ஏற்பாடாக்கியது. பெயர், யுனிவர்சிட்டி எக்ஸ்டென்ஷன். ஆக நீள்வது பல்கலைக்கழகம். தன் மதிலைத் தாண்டி, வர முடியாதவர்கள் இருக்கும் இடத்துக்கு அது போகிறது. உழவோடு சேர்ந்தபோதும் பொருள் மாறவில்லை. வயல் அங்கேயேதான் இருக்கிறது, கல்லூரிதான் அதைத் தேடி வருகிறது.

அமெரிக்காவில் இதற்கு அடித்தளம் 1862இன் மோரில் சட்டம். மாநிலங்களுக்குப் பொது நிலத்தைக் கொடுத்து, அதை விற்ற பணத்தில் உழவும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளைத் தொடங்கச் சொன்னது அது. 1887இல் ஹாட்ச் சட்டத்தால் ஆராய்ச்சி நிலையங்கள் வந்தன. ஆனால் அங்கே கண்டுபிடித்தது அறிக்கையாக அச்சாகி அலமாரியில் இருந்தது. பருத்திக்காயைத் துளைக்கும் கூன்வண்டு மெக்சிகோ பக்கமிருந்து டெக்சாஸுக்குள் புகுந்தபோது, உழவரிடம் யார் போய்ச் சொல்வது?

போனவர் நடுவண் வேளாண் துறையின் சீமன் நாப். அப்போது அவருக்கு வயது 70ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 1903இல் டெக்சாஸின் டெரெல் என்ற ஊரில், வால்டர் போர்ட்டர் என்ற உழவரின் நிலத்தில் 70 ஏக்கரைத் தேர்ந்தெடுத்தார்கள். நாப் சொல்லும் முறையில் போர்ட்டரே சாகுபடி செய்யவேண்டும். நஷ்டம் வந்தால் ஈடுகட்ட ஊர் வணிகர்கள் பணம் திரட்டி வைத்தார்கள். அந்தப் பணத்தைத் தொடவேண்டிய தேவையே வரவில்லை. வழக்கத்தைவிட 700 டாலர் கூடுதலாகக் கிடைத்தது என்று போர்ட்டர் கணக்குச் சொன்னார். கேட்டதைச் சந்தேகிக்கலாம், கண்டதையும் சந்தேகிக்கலாம், தானே செய்ததை ஒருவர் சந்தேகிக்க முடியாது என்பது நாப்பின் கொள்கை. இதற்குத் தமிழில் ஒரு நல்ல சொல் ஏற்கெனவே உண்டு: செயல்விளக்கம். நம் வேளாண் அலுவலர்கள் ‘செயல்விளக்கத் திடல்’ என்று சொல்வது நாப் செய்த அதே வேலையைத்தான். கேட்டவுடன் பொருள் விளங்கிவிடுகிறது. இந்தத் துறையில் அமைந்த சிறந்த தமிழ்ச் சொற்களில் அதற்கு முதலிடம் கொடுப்பேன்.

1906இல் இன்னொன்று நடந்தது. அலபாமாவின் டஸ்கிகீ கல்லூரியிலிருந்து, அங்கே பணியாற்றிய வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வடிவமைத்த ஒரு வண்டி கிளம்பியது. கலப்பை, விதை, பால் கடையும் கருவி எல்லாம் ஏற்றிக்கொண்டு கறுப்பின உழவர்களின் நிலங்களுக்கு நேரே போனது. பணம் கொடுத்த நியூயார்க் வங்கியாளரின் பெயரால் அது ஜெசப் வண்டி. அதே ஆண்டு தாமஸ் கேம்பெல் அதை நடத்தும் பொறுப்புக்கு வந்தார். எக்ஸ்டென்ஷன் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அகராதியைத் தேடமாட்டேன், இந்த வண்டியைத்தான் சொல்வேன். கல்லூரிக்குச் சக்கரம் கட்டி ஓட்டிய மாதிரி அல்லவா அது!

1914 மே 8 அன்று ஸ்மித்-லீவர் சட்டம் கையெழுத்தானது. உழவு, வீட்டு நிர்வாகம் பற்றிய பயனுள்ள நடைமுறை அறிவை மக்களிடையே பரப்புவதே அதன் நோக்கம். அதில் பிறந்த அமைப்பின் பெயர் கோஆப்பரேட்டிவ் எக்ஸ்டென்ஷன். இதைக் ‘கூட்டுறவு விரிவாக்கம்’ என்று மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதினால் படிப்பவர் மனத்தில் உடனே கூட்டுறவு வங்கியும் பால் சங்கமும்தான் வரும். இங்கே பொருள் வேறு. நடுவண் அரசின் வேளாண் துறை, மாநிலக் கல்லூரி, கவுண்டி நிர்வாகம் மூன்றும் செலவைப் பகிர்ந்து சேர்ந்து நடத்துகின்றன, அவ்வளவுதான். ‘கூட்டு’ என்றால் போதும்.

கவுண்டி என்ற சொல் நமக்கு கிரிக்கெட் வழியாகப் பழக்கம். ஒரு காலத்தில் பிரபுவின் ஆளுகைப் பகுதி என்று பொருள் தந்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 3,000க்கும் மேல் உண்டு. சரி, மாவட்டம் என்று எழுதலாமா? எழுதலாம், ஆனால் பல கவுண்டிகளின் மக்கள்தொகை நம் ஒரு வட்டத்துக்குக்கூட வராது. அதனால் கவுண்டி என்றே விட்டுவிடுவது என் வழக்கம்.

கவுண்டி ஏஜெண்ட் என்பதில்தான் கவனம் தேவை. முகவர் என்று போட்டால் காப்பீட்டு முகவரோ உரக் கம்பெனி ஆளோ என்றுதான் தோன்றும். அவர் எதையும் விற்பவர் அல்ல. மண்ணைச் சோதித்து வாங்கிக் கொடுப்பவர், பூச்சியைப் பார்த்துப் பெயர் சொல்பவர், ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பேசுபவர். இலங்கைத் தமிழில் இதே வேலையைச் செய்பவருக்கு ‘விவசாயப் போதனாசிரியர்’ என்று பெயர். சொல் வடமொழி கலந்ததுதான். ஆனாலும் அவர் யார் என்பதை முதல் தடவை கேட்கும்போதே சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டின் ‘உதவி வேளாண்மை அலுவலர்’ பதவியைச் சொல்கிறது, பணியைச் சொல்வதில்லை.

மற்ற மொழிக்காரர்கள் இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தார்கள் என்று பார்த்தால் மனம் விரிகிறது. ஜெர்மானியர் இதை ஆலோசனை என்கிறார்கள். டச்சுக்காரர்களின் ‘ஃபோர்லிக்டிங்’ முன்னால் வெளிச்சம் காட்டுவது. இந்தோனேசியர்களின் ‘பெஞ்ஞுலுஹான்’ என்ற சொல்லுக்குள் ‘சுலுஹ்’ இருக்கிறது, அதற்குப் பொருள் தீப்பந்தம். அரபியில் வழிகாட்டல். இவர்களில் யாரும் ‘நீட்டுதல்’ என்பதை அப்படியே பெயர்க்கவில்லை. வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாமும் இந்திக்காரர்களும் அகராதியைப் பார்த்து வைத்தோம். 1960களின் இறுதியில் சிலியில் நிலச்சீர்திருத்தப் பணியில் இருந்த பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே, அந்த மூலச்சொல்லையே கேள்விக்குள்ளாக்கினார். ஒருவர் நீட்ட இன்னொருவர் வாங்கிக்கொள்வது கல்வி ஆகுமா, இருவரும் பேசிக்கொள்வதல்லவா கல்வி என்பது அவர் வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு. பெரியப்பாவிடம் அலுவலர் கற்றது எத்தனை இருக்கும்!

அப்படியானால் தமிழில் என்னதான் சொல்வது? ‘விரிவாக்கம்’ பல்கலைக்கழகத் துறைகளிலும் அரசாணைகளிலும் ஊன்றிவிட்டது. நிறுவனத்தின் பெயராக வரும் இடத்தில் அதை மாற்றவேண்டாம். ஆனால் வாசகருக்குப் பொருள் சொல்லும் இடத்தில் ‘உழவர் கல்விப் பணி’ என்றே எழுதுங்கள் என்பேன். நல்ல பெயர் வைக்கத் தமிழால் முடியாது என்று இல்லை. 1974இல் இந்தியாவின் முதல் கிருஷி விக்யான் கேந்திரா புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. தமிழில் அது ‘வேளாண் அறிவியல் நிலையம்’ ஆனது, எவருக்கும் குழப்பமில்லை. இந்தோனேசியாவில் 1989இல் நெல் பூச்சி நிர்வாகத்தை உழவர்கள் வயலிலேயே கூடிக் கற்கத் தொடங்கிய ஏற்பாடு இங்கே ‘வயல்வெளிப் பள்ளி’ ஆனது. எவ்வளவு அழகு!

இனி இளையோர் கழகம். கழகம் என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. குறளில் அது சூதாடும் இடம். பின்னால்தான் கற்றோர் கூடும் அவை ஆனது. அமெரிக்கக் கவுண்டிச் செய்திகளில் ஓயாமல் வரும் 4-எச் கழகம் 1902 ஜனவரியில் ஒஹாயோவின் கிளார்க் கவுண்டியில் முளைத்தது. பள்ளிக் கண்காணிப்பாளர் ஏ. பி. கிரஹாம், சுமார் 30 பிள்ளைகளை நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறையில் கூட்டி மண்ணையும் விதையையும் பற்றிப் பேசினார். பெரியவர்கள் புது விதையை நம்பாத காலத்தில், பிள்ளைகள் வளர்த்துக் காட்டினால் அப்பாக்கள் பார்ப்பார்கள் என்பது இத்தகைய கழகங்களில் ஊறியிருந்த எண்ணம். அது பலித்தது. 1910இல் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற 15 வயதுப் பையன் ஒரே ஏக்கரில் 228¾ புஷல் மக்காச்சோளம் எடுத்தான். நம் கணக்கில் சுமார் 5.8 டன். அப்போது நாட்டின் சராசரி 30 புஷலைக்கூடத் தொடவில்லை.

நான்கு எச் என்பவை ஆங்கிலத்தில் தலை, நெஞ்சு, கை, உடல்நலம் ஆகியவற்றின் முதலெழுத்துகள். ஐயோவாவின் ஜெஸ்ஸி ஃபீல்ட் என்ற ஆசிரியை செய்த சின்னத்தில் முதலில் மூன்று இலைகளே இருந்தன, நான்காவது பிறகு சேர்ந்தது. தெளிவாக எண்ணத் தலை, உண்மையாக இருக்க நெஞ்சு, பெரிதாகத் தொண்டு செய்யக் கை, நல்லபடி வாழ உடல்நலம் என்று உறுதிமொழி போகும். கழகம், சமூகம், நாடு என்றிருந்த வரிசையில் 1973இல் ‘என் உலகம்’ சேர்ந்தது. சின்னத்தில் இருப்பது குளோவர் என்ற தீவனச்செடி. நம்மூர்ப் பிள்ளைக்குக் காட்ட வேண்டுமென்றால் வரப்போரத்து ஆரைக்கீரையைப் பறித்துக் காட்டலாம். இரண்டுக்கும் உறவில்லை, ஆனால் நாலு இலையும் அச்சாக அப்படியே இருக்கும்.

சாதனைச் செய்திகளை மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் இடறுவது கண்காட்சிப் போட்டிகளில் தரும் நீல ரிப்பனில். நீலம் என்றால் முதல் பரிசு என்று எழுதிவிடுகிறார்கள். 4-எச்சில் பெரும்பாலும் டேனிஷ் முறை என்ற மதிப்பீடு நடக்கிறது. பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவதில்லை, ஒரு தரத்தோடு ஒப்பிடுவார்கள். தரத்தை எட்டியவர் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் நீலம், அதற்கு அடுத்தபடி சிவப்பு, இன்னும் கற்கவேண்டியவருக்கு வெள்ளை. ஆகவே ‘நீல ரிப்பன் பெற்றார்’ என்றால் ‘முதல் தரம் பெற்றார்’, ‘முதலிடம்’ அல்ல. ஷோமேன்ஷிப் என்று தனியாக ஒரு போட்டி உண்டு. அதில் மாட்டைப் பார்த்து மதிப்பெண் போடமாட்டார்கள், பிள்ளை மாட்டை எப்படிப் பிடித்து நடத்துகிறது என்பதைப் பார்த்துத்தான் போடுவார்கள். ‘கால்நடை நடத்தும் திறன்’ என்று எழுதலாம். ஹெய்ஃபரை ‘இளம் பெண் பசு’ என்று ஒரு இடத்தில் படித்து வருத்தப்பட்டேன். கன்று போடாத பசுவுக்குக் கிடாரி என்று ஒரு பச்சைத் தமிழ்ச் சொல் மாட்டுத்தாவணி எல்லாவற்றிலும் உயிரோடு இருக்கிறதே!

மாதிரிக்கு ஒரு செய்தி வரி. “கூட்டுறவு விரிவாக்க முகவர் மேற்பார்வையில் இளம் பெண் பசுவுக்கு நான்கு எச் சிறுமி நீல ரிப்பன் முதல் பரிசு வென்றார்.” இதையே நான் இப்படி எழுதுவேன்: “கவுண்டி உழவர் கல்விப் பணி அலுவலரின் வழிகாட்டலில் 4-எச் கழகச் சிறுமி வளர்த்த கிடாரி, முதல் தரத்துக்கான நீல ரிப்பனைப் பெற்றது.”