சம்பளப் பட்டியலுக்கு முன்னால் பணிப்பதிவேடு

தமிழ்நாடு அரசின் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. ரூ.288.91 கோடி மதிப்பிலான இத்திட்டத்தின் மென்பொருளை அமைத்துத் தரும் பொறுப்பு விப்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஐஎஃப்எச்ஆர்எம்எஸ் என்று அலுவலகங்களில் வழங்கும் இந்த அமைப்பில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பணம் பெற்று வழங்கும் அலுவலர்கள் (கருவூலத்திலிருந்து அலுவலகத்துக்கான பணத்தைப் பெறும் பொறுப்புடையவர்கள்) சம்பளம் முதலியவற்றுக்கான பட்டியலை எழுப்புகிறார்கள். அரசுக் கணக்குப் பணியில் இருப்பவன் என்ற முறையில், இந்த மாற்றத்தில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றை இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

கருவூலங்களுக்குக் கணினி புதிதன்று. வெப் பேரோல், ஏடிபிபிஎஸ் என்ற சம்பள, பட்டியல் மென்பொருள்கள் முன்பே இருந்தன. ஆனால் அவற்றில் வேலை பட்டியலிலிருந்து தொடங்கியது. ஒரு தொகை தவறினால் எழுத்தர் அந்தப் பட்டியலிலேயே சரிசெய்துகொள்ளப் பெருமளவு இடமிருந்தது. இப்போதோ வேலை, ஊழியரின் பணி விவரங்களைப் பதிந்துவைக்கும் பணிப்பதிவேட்டிலிருந்து தொடங்குகிறது. ஊழியரின் பணியேற்பு நாள், பணியிடம், ஊதிய நிலை, விடுப்பு ஆகியவற்றைக் கொண்டு அமைப்பே சம்பளத்தைக் கணக்கிடுகிறது என்பதால், பதிவு பிழையாக இருந்தால் பட்டியலும் பிழையாகத்தான் வரும். அதைப் பட்டியலில் திருத்த முடியாது, பதிவுக்குத் திரும்பிப் போய்த்தான் திருத்த வேண்டும்.

ஜூன் 30 அன்று பணியேற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். பணிப்பதிவேட்டில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் 'மு.ப.' அல்லது 'பி.ப.' என்று சிறிதாக எழுதியிருப்பார்கள். முற்பகலில் சேர்ந்தவருக்குப் பணி அன்றே தொடங்குகிறது. பிற்பகலில் சேர்ந்தவருக்கு மறுநாளிலிருந்து, அதாவது ஜூலை 1 முதல் கணக்கு. நம் மாநிலத்தில் ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வழங்கப்படுவதால், மங்கிப்போன அந்த இரண்டெழுத்தைத் தவறாகப் படித்துப் பதிவு செய்தால் ஊதிய உயர்வு ஒரு காலாண்டு முன்பின்னாகிவிடும். தாமதமானால் ஊழியருக்கு இழப்பு. முந்திவிட்டால் பின்னாளில் தணிக்கையில் ஆட்சேபம் எழுந்து, பெரும்பாலும் ஓய்வு பெறும் நேரத்தில், மிகைத்தொகைப் பிடித்தமாக வந்து நிற்கும்.

இடமாறுதலும் இதே போன்றதுதான். முன்பு விடுவிப்பு ஆணையும் இறுதி ஊதியச் சான்றும் கையில் இருந்தால் புதிய அலுவலகம் சம்பளம் போட்டுவிடும். இன்று பழைய அலுவலகம் திரையிலும் விடுவிக்காத வரை புதிய அலுவலகத்தால் அவரைச் சேர்த்துக்கொள்ள இயலாது. கலந்தாய்வு முடிந்து பள்ளி மாறிய ஆசிரியர்கள் முதல் மாதச் சம்பளத்துக்காகப் பழைய பள்ளிக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. தற்காலிகப் பணியிடம் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: நீட்டிப்பு ஆணை வெளிவந்தால் மட்டும் போதாது, அந்தப் பணியிடத்தின் காலமும் அமைப்பில் நீட்டிக்கப்பட வேண்டும்.

ஒரு செலவு எந்த இனத்தைச் சேர்ந்தது என்று காட்டும் எண்ணான கணக்குத் தலைப்பைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2202 என்றால் பொதுக் கல்வி, 2071 என்றால் ஓய்வூதியம் என்பது எல்லாத் துறைக்கும் பொது. அரசமைப்புச் சட்டத்தின் 150ஆம் பிரிவின்படி வகுக்கப்பட்ட வடிவில் மாநிலக் கணக்காயர் கணக்கைத் தொகுப்பதற்கு இந்த ஒருமைப்பாடே அடிப்படை. பொது மென்பொருளின் உண்மையான பயன்களில் முதன்மையானது இது என்பேன்.

என்னைப் பெரிதும் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. பட்டியலை ஒருவர் தொடங்க வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், மூன்றாமவர் ஒப்புதல் தர வேண்டும் என்று மூன்று நிலைகளை வகுத்திருப்பது முறைகேட்டைத் தடுக்கத்தான். ஆனால் ஆள் பற்றாக்குறை உள்ள சிறிய அலுவலகங்களில் மூவரின் கடவுச்சொல்லும் ஒரே உதவியாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருப்பதையும், அலுவலரின் மின்கையொப்பச் சாதனம் நாள் முழுவதும் அந்தக் கணினியிலேயே செருகியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். 'சாருக்குக் கணினி வராது, நான்தான் எல்லாம் போடுகிறேன்' என்று அதைப் பெருமையாகவே சொல்வார்கள். அந்த உதவியாளர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும் போலிக் கேட்பு ஒன்று நுழைந்துவிட்டால், விசாரணையில் நிற்கப்போவது மின்கையொப்பத்துக்கு உரியவர்தான். காகிதப் பட்டியலில் கையெழுத்தைப் பிறரைப் போடவிடாத அலுவலர், இதில் மட்டும் ஏன் இவ்வளவு தாராளமாக இருக்கிறார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஊழியர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த அமைப்பின் கைப்பேசிச் செயலியான களஞ்சியத்தில் சம்பளச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், பிறந்த தேதி, பணியேற்பு நாள், பணப்பயன் பெற நியமித்தவரின் (நாமினி) பெயர், விடுப்பு இருப்பு ஆகியவற்றைக் காகிதப் பணிப்பதிவேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரின் முதலெழுத்து பான் அட்டையில் முன்னாலும் வங்கிக் கணக்கில் பின்னாலும் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். வேறுபாடு இருந்தால் வாய்மொழியாகச் சொல்லாமல் அலுவலகத் தலைவருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, ஆதாரப் பக்கத்தின் நகலை இணைத்து, பெறப்பட்டதற்கான கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வுக்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கும்போதே இதைச் செய்தால், பழைய ஆணைகளைத் தேடி எடுத்துத் தர அந்தந்த அலுவலகத்தில் விவரம் அறிந்தவர்கள் இருப்பார்கள்.