பல்லுக்குள் பொரியும் தண்ணீர்

'சொத்தையை லேசரில் எடுக்கலாம் என்கிறார் டாக்டர். பல் கருகிவிடாதா?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான பயம்தான். 1960-ல் தியோடர் மெய்மன் முதல் லேசரை, மாணிக்கக் கல்லில் செய்து காட்டினார். ஐந்தே வருடத்தில் லியான் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர், பல் டாக்டரான தன் சகோதரரின் பல்லிலேயே அதை அடித்துப் பார்த்தார். வலிக்கவில்லையாம். ஆனால் மாணிக்க லேசரின் சிவப்பு ஒளி பல்லின் மேலேயே நிற்காமல் உள்ளே போய்ச் சூட்டை ஏற்றியது. பல்லுக்கு நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற கூழுக்கு ஐந்தரை டிகிரி சூடு கூடினாலே ஆபத்து. ஆக, பல்லில் துளை போட அது உதவவில்லை.

இன்றைக்குச் சொத்தை எடுக்க உதவுவது, எர்பியம் என்ற உலோகத்தைக் கலந்த படிகத்தில் செய்யும் எர்பியம் லேசர். இது பல்லைச் சுடுவதே இல்லை, பல்லுக்குள் இருக்கும் தண்ணீரைத்தான் சுடுகிறது. எனக்கு இதில் பிடித்ததே இந்த இடம்தான். பல் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அதன் மேல் ஓடான எனாமலில் கொஞ்சம் தண்ணீர் உண்டு, அதற்கு அடியில் இருக்கும் டென்டினில் எடையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர். நீர் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஸ்பிரிங்கில் கட்டியதுபோல விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். எர்பியம் லேசரின் அலைநீளம் 2,940 நானோமீட்டர், அந்த ஒளி துடிக்கிற வேகமும் இந்த ஆட்டத்தின் வேகமும் ஏறக்குறைய ஒன்று. ஊஞ்சல் திரும்பி வருகிற நேரம் பார்த்துத் தள்ளுவது போலத்தான். அதனால் இந்த ஒளி தண்ணீருக்குள் ஒரு மைக்ரோமீட்டர் போவதற்குள் பெரும்பகுதி விழுங்கப்பட்டுவிடுகிறது. நம் தலைமுடியின் தடிமனே அதைப்போலப் பல மடங்கு!

லேசரை விட்டு விட்டுத்தான் அடிப்பார்கள், ஒவ்வொரு அடியும் சில நூறு மைக்ரோ விநாடிதான். அதற்குள் தண்ணீர் கொதித்து ஆவியாகப் பார்க்கிறது, ஆனால் சுற்றிலும் கல், விரிய இடமில்லை. அழுத்தம் ஏறி ஏறி, கல் உருகுவதற்கு முன்பே அதைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்கிறது. சோளம் பொரிவதும் இப்படித்தானே? சத்தமும் அதே 'பட் பட்' தான். சூட்டில் பெரும்பகுதி அந்தத் துணுக்குகளோடு பறந்துவிடுவதால் கூழுக்குப் போவது கொஞ்சம்தான். சொத்தை பிடித்த பகுதியில் தண்ணீர் அதிகம், அதனால் நல்ல பல்லைவிட அதுதான் முதலில் பொரிந்து உதிரும். கூடவே தண்ணீரைத் தூறலாக அடித்துக்கொண்டே இருப்பார்கள். அதை நிறுத்தினால் பல் காய்ந்து, வாசகர் பயந்த மாதிரி நிஜமாகவே கருகும்.

இந்த எர்பியம் லேசரை 1975-ல் சோவியத் இயற்பியலாளர்கள் செய்துவிட்டார்கள். ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் ஹிப்ஸ்டும் கெல்லரும் இது பல்லை வெட்டும் என்று காட்டியது 1989-ல், பல் வேலைக்கு அமெரிக்கா அனுமதித்தது 1997-ல். 'இதனால் என்ன பிரயோஜனம்?' என்று கேட்டுவிட்டுத்தான் ஆராய்ச்சிக்குப் பணம் தருவோம் என்கிறவர்கள் இந்த வருடங்களைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம்.

குறையும் உண்டு. டிரில்லைவிட மெதுவாகத்தான் வேலை நடக்கும், பழைய உலோக அடைப்பை இதால் எடுக்க முடியாது, சிலருக்கு மரத்துப்போகும் ஊசியும் தேவைப்படும். 'லேசர், வலியே இல்லை' என்று போர்டு வைத்திருக்கிற இடத்தில் எந்த லேசர் என்று கேளுங்கள். விலை குறைந்த டயோடு லேசராக இருந்தால் அதன் ஒளியை விழுங்குவது ரத்தமும் நிறமியும்தான், ஈறு வெட்ட அருமையாக இருக்கும், சொத்தையைக் குடைய உதவாது.

அப்புறம், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று நம்மூரில் இன்னும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பல் நாற்காலியில் கண்ணுக்கு நிஜமாகவே பயப்பட வேண்டியது, தெறித்து வரும் லேசர் ஒளிக்குத்தான். அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடியை உங்களுக்கு மாட்டிவிடாமல் ஆரம்பித்தால் வாயைத் திறக்காதீர்கள்.