பவளத் தொட்டிக்கு சம்ப்: எல்லாம் நீர்மட்டக் கணக்குதான்

சம்ப் என்றால் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். தரைக்கடியில் தண்ணீர் நிற்கும், மோட்டார் போட்டால் மாடித் தொட்டிக்கு ஏறும். கடல்நீரில் பவளம் வளர்ப்பவர்கள் சொல்லும் சம்ப்பும் ஏறக்குறைய அதேதான். மீன் தொட்டியின் ஸ்டாண்டுக்குள், தடுப்புகளால் அறைகளாகப் பிரித்த இன்னொரு சின்னக் கண்ணாடித் தொட்டி இருக்கும்; மேலேயிருந்து தண்ணீர் தானாக வழிந்து அதற்குள் இறங்க, மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும், இரவு பகல் நிற்காமல். புதிதாகத் தொடங்குபவர்கள் எந்த ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) நல்லது, எந்த மோட்டார் நல்லது என்று கடை கடையாக விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஓடும்போது எந்த அறையில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கும், மோட்டார் நின்றால் அது எங்கே போகும்?

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் 90 செ.மீ., அகலம் 45, உயரம் 45. முழுக்க நிரப்பினால் 182 லிட்டர், கல்லும் மணலும் போக 150 என்று வையுங்கள். கீழே உள்ள சம்ப் நீளம் 60, அகலம் 30, உயரம் 40.

மேல் தொட்டியின் ஒரு மூலையில் சீப்புப் பல் மாதிரி வெட்டிய தடுப்பு இருக்கும், ஓவர்ஃப்ளோ என்பார்கள். ஏரிக்குக் கலிங்கு என்ன செய்கிறதோ அதைத்தான் இது செய்கிறது. எவ்வளவு தண்ணீர் வந்தாலும் கலிங்கு மட்டத்தைத் தாண்டியது வழிந்து போய்விடும், அதனால் மேல் தொட்டியின் மட்டம் மாறாது. இன்னொரு லாபமும் உண்டு, வழிவது மேற்பரப்புத் தண்ணீர். தீனியின் எண்ணெய், மீனின் சளி, புரதம் எல்லாம் மேலே மெல்லிய ஏடாகப் படரும். அந்த ஏடு நின்றால் ஆக்சிஜன் உள்ளே இறங்குவது குறையும், வெளிச்சமும் மங்கும். கலிங்கு அதைத்தான் முதலில் கீழே தள்ளுகிறது.

கீழே வந்த தண்ணீர் முதலில் ஒரு துணிப்பைக்குள் விழும், 200 மைக்ரான் சல்லடை. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அதில் நிற்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கழற்றித் துவைக்க வேண்டும், இல்லையென்றால் பிடித்து வைத்த அழுக்கு அங்கேயே அழுகி நைட்ரேட்டாகத் தண்ணீருக்குள் வந்துவிடும்.

அப்புறம் ஸ்கிம்மர். கடற்கரையில் அலை உடைகிற இடத்தில் நுரை ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலையை ஒரு குழாய்க்குள் செய்கிற கருவி இது. புரதம் போன்ற பல மூலக்கூறுகளில் ஒரு பகுதி தண்ணீரோடு ஒட்டும், இன்னொரு பகுதி தண்ணீரை விட்டு விலகும். காற்றுக் குமிழி கிடைத்தால் விலகுகிற பகுதியைக் காற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு குமிழியின் தோலில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இப்படி ஆயிரக்கணக்கான குமிழிகள் மேலே ஏறி, நுரையாகத் திரண்டு, கப்பில் பழுப்பு நிறச் சாறாக வழிகிறது, நாற்றம் தாங்காது, ஆனால் அத்தனையும் அம்மோனியாவாக மாறும் முன்பே தொட்டியிலிருந்து வெளியேறிய கழிவு. நன்னீர்த் தொட்டியில் இது சரியாக வேலை செய்யாததற்குக் காரணம், நல்ல தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி சட்டென்று மேலே ஓடிவிடும். கடல்நீரின் உப்பு அவற்றைச் சேரவிடாது. பொடிப் பொடியாக இருப்பதால் ஒட்டுவதற்குப் பரப்பும் அதிகம், மேலே ஏற எடுக்கும் நேரமும் அதிகம்.

இங்கேயும் நீர்மட்டம்தான் விஷயம். வெளியே தண்ணீர் 2 செ.மீ. ஏறினால் உள்ளே நுரை கப்பைத் தாண்டிக் கொட்டும், இறங்கினால் நுரையே வராது. அதனால்தான் ஸ்கிம்மர் நிற்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு வைக்கிறோம், அதுவும் ஒரு கலிங்குதான். அதன் உயரம் எவ்வளவு என்பதை ஸ்கிம்மர் பெட்டியில் போட்டிருக்கும் ஆழத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நம் சம்ப்பில் 20 செ.மீ. என்று வைப்போம்.

ஸ்கிம்மர் பிடிக்காததை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற கூட்டம் கல்லின் துளைகளில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை மீன் விடாதீர்கள். இந்த வேலையை பாக்டீரியா மட்டும்தான் செய்கிறது என்று ரொம்ப நாள் நம்பினார்கள். ஆர்க்கியா என்ற வேறு வகை உயிரும் செய்யும் என்பதை 2005இல் காட்டிய நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்ற ஆர்க்கியா கிடைத்ததே அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்துக் கடல்நீர்த் தொட்டி ஒன்றில்தான். கல் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மன்னார் வளைகுடாவிலிருந்து பவளக் கல் எடுத்து வராதீர்கள், யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செயற்கைப் பீங்கான் கற்களிலும் அதே உயிர்கள் வளரும்.

கடைசி அறையில் மோட்டார். அதற்கு முன்னால் தண்ணீரை மேலும் கீழுமாக வளைய வைக்கும் மூன்று தடுப்புகள், குமிழிகள் அங்கேயே தங்கிவிடும். மற்ற அறைகளின் மட்டத்தைத் தடுப்புகள் பிடித்து வைத்திருப்பதால், ஆவியாகிப் போன தண்ணீர் முழுவதும் இந்த அறையில்தான் குறைந்து தெரியும். 20க்கு 30 செ.மீ. அறையில் 3 லிட்டர் போனால் 5 செ.மீ. இறங்கும், மோட்டார் காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே இருக்கிறது, அதனால் ஈடு கட்ட உப்பு கலக்காத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். குடிப்பதற்காக வீட்டில் வைத்திருக்கும் ஆர்.ஓ. பல நேரம் தாதுவைத் திரும்பச் சேர்க்கும், டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவு) பூஜ்யம் வருகிறதா என்று அளந்து பாருங்கள்.

மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, தண்ணீரை உயரம் ஏற்றாதபோது வருவது. ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றினால் நன்றாகக் குறையும். மேலே போய்ச் சேருவது மணிக்கு 600 லிட்டர் இருந்தால் நம் தொட்டிக்குப் போதும். பவளத்துக்கு வேண்டிய அலையை மேல் தொட்டியிலேயே தனி மோட்டார் வைத்துக் கொடுக்கலாம்.

சரி, கரண்ட் போனால்? மோட்டார் நின்றதும் மேலே ஏற்றும் குழாய் தலைகீழாக உறிஞ்சத் தொடங்கும், அதன் வாய்க்குக் காற்று படும்வரை தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். வாய் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 90 × 45 × 3, அதாவது 12 லிட்டர். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் நிற்பதையும் சேர்த்து 16 என்று வைத்தால் சம்ப்பில் தண்ணீர் 28 செ.மீ. வரை வரும், 40 செ.மீ. சம்ப் தாங்கிவிடும். அதே வாய் 15 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 60 லிட்டர் இறங்கும், சம்ப்பில் மிச்சமிருக்கும் இடமோ 40 லிட்டர்கூட இல்லை. உறிஞ்சலை உடைக்கக் குழாயில் சின்ன ஓட்டை போடலாம், ஒருவழி வால்வு வைக்கலாம், ஆனால் ஓட்டையைப் பாசி அடைக்கும், வால்வில் சுண்ணாம்பு படியும். வாயை மட்டத்துக்குப் பக்கத்தில் வைப்பது மட்டும் எந்த நாளும் பழுதாகாது.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். இறங்கும் குழாயை ஒரு நத்தை அடைத்துவிட்டால் மோட்டார் தன் அறைத் தண்ணீரை முழுவதும் மேலே தள்ளும். அறையில் 16 செ.மீ. நின்றால் அது 9.6 லிட்டர், மேல் தொட்டியில் 2.4 செ.மீ. உயரும். ஆகவே மேலே விளிம்புக்குக் கீழ் 4 செ.மீ. காலி விடுங்கள், அவசரத்துக்கு இரண்டாவது வடிகுழாயும் வையுங்கள். மோட்டார் அறை பெரிதாக இருந்தால் நல்லது என்று தோன்றும், இந்த இடத்தில் அது ஆபத்து. தானாக நீர் நிரப்பும் கருவி வைத்திருந்தால், அறை காலியானதைப் பார்த்து அதுவும் ஊற்றிக்கொண்டே இருக்கும், அதன் வாளியும் சின்னதாகவே இருக்கட்டும்.

உப்பு கலக்கும் முன்பே வெறும் தண்ணீரில் இதையெல்லாம் ஓட்டிப் பாருங்கள். ஓடட்டும், நிறுத்துங்கள், சம்ப்பில் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள், மூன்று நான்கு முறை. வடிகுழாயைக் கையால் அடைத்தும் பாருங்கள். எல்லாம் அடங்கினால், திரும்ப ஓடவிட்டு மோட்டார் அறையில் தண்ணீர் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு குவளைகூட ஊற்றாதீர்கள்.