ஜர்னிமேன்: நாடோடி அல்லர், நாள்வினைஞர்

ராக் இசைக்கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் தமிழுக்கு வரும்போது, ஆங்கிலத்தில் 'ஜர்னிமேன்' எனப்பட்டவர் பெரும்பாலும் 'நாடோடிப் பாடகர்' ஆகிவிடுகிறார். சில இடங்களில் அவர் 'பயணக் கலைஞர்'. சொல்லின் முன்பாதியில் 'ஜர்னி' நிற்பதைக் கண்டதும் பயணம் என்று முடிவுகட்டிவிடுவதால் வரும் பிழை இது. இத்தனை முறை அச்சேறிவிட்ட பிறகு இதை இனியும் கண்டுகொள்ளாமல் விடுவது முறையன்று.

சொல்லின் பிறப்பு எளியது. பழைய பிரெஞ்சில் 'ஜூர்னே' என்றால் ஒரு நாளின் அளவு, ஒரு நாள் வேலை. ஒரு நாளில் கடக்கும் தொலைவு என்ற பொருளின் வழியே ஆங்கிலத்தில் 'ஜர்னி' பயணமாயிற்று. 'ஜர்னிமேன்' என்பதிலோ பழைய நாள்வேலைப் பொருளே தங்கிவிட்டது. இடைக்காலத் தொழிற்குழுக்களில் பயிற்சிக் காலத்தை முடித்து, தொழிலில் தேர்ந்து, ஆனால் சொந்தப் பட்டறை வைக்கும் உரிமை பெறாமல், ஓர் ஆசானிடம் நாள்கூலிக்கு வேலை செய்தவரே ஜர்னிமேன். கட்டடத் தொழிலில் சித்தாளுக்கு மேலே, மேஸ்திரிக்குக் கீழே நிற்கும் கொத்தனாரின் இடம் அது. அவருக்கு வேலை முழுதும் தெரியும். வீடு மட்டும் அவர் பேரில் எழும்பாது.

இப்பொருளை மனத்தில் கொண்டு கிதார்க் கலைஞர் ஹென்றி மெக்கல்லாவின் (1943–2016) வாழ்க்கையைப் பார்க்கலாம். வட அயர்லாந்தின் போர்ட்ஸ்டூவர்ட்டில் பிறந்த இவர், நடன அரங்குகளில் அன்றைய வெற்றிப் பாடல்களை வாசித்துவந்த அயர்லாந்து 'ஷோபேண்ட்' குழுக்களில் கைபழகினார். பின்னர் 'ஏரா அப்பேரண்ட்' குழுவில் சேர்ந்து புகழ்பெற்ற ராக் கிதார்க் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸோடு ஒரே மேடைகளில் வாசித்தார். 1968இல் 'ஸ்வீனிஸ் மென்' குழுவில் சிறிது காலம் இருந்தார். 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசைவிழாவில் பாடகர் ஜோ காக்கரின் 'கிரீஸ் பேண்ட்' குழுவில் கிதார் வாசித்தார். 1972இல், 'பீட்டில்ஸ்' குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியின் 'விங்ஸ்' குழுவில் ஊதியத்துக்குச் சேர்ந்தார். 1973இல் வெளிவந்த 'மை லவ்' பாடலில் ஒலிக்கும் கிதார்த் தனியிசை இவருடையது. பின்னணி இசைக்குழு அமர்ந்து ஒலிப்பதிவுக்குக் காத்திருந்த வேளையில், முன்பே வகுத்து வைத்ததை விட்டுவிட்டுத் தன் போக்கில் வாசிக்க இசைவு கேட்டுப் பெற்று வாசித்தது அது. பாடல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது; பெயர் ஆசானுக்குச் சென்றது. எதை எப்படி வாசிப்பது என்ற பூசல் முற்றி, அதே ஆண்டில் அவர் விங்ஸை விட்டு விலகினார்.

இவரையா நாடோடி என்பது? இவருடைய வாழ்க்கையில் ஊர் மாற்றம் உண்டுதான். ஊர் மாறாத ராக் கலைஞர் எவர்? அரங்குதோறும் சுற்றிய மெக்கார்ட்னியை எவரும் ஜர்னிமேன் என்பதில்லை. வேறுபாடு ஊர் சுற்றுவதில் இல்லை, யார் பெயரில் வேலை நடக்கிறது என்பதில் இருக்கிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழில் 'நாடோடிப் பாடல்' என்பது நாட்டுப்புறப் பாடலுக்குப் பல்லாண்டுகளாக வழங்கும் பெயராதலால், 'நாடோடிப் பாடகர்' என்றதும் படிப்பவர் நாட்டுப்புறப் பாடகரையே நினைப்பார். ஸ்வீனிஸ் மென் உண்மையிலேயே நாட்டார் இசைக் குழு என்பதால், மெக்கல்லாவின் பல கட்டங்களுள் எது ராக், எது நாட்டார் இசை என்பதே இம்மொழிபெயர்ப்பில் மறைந்துபோகிறது.

ஜெர்மனியில் பயிற்சி முடித்த தொழிலாளர்கள் மூன்றாண்டும் ஒரு நாளும் ஊர் ஊராகச் சென்று வேலை செய்யும் மரபு உண்டே என்று மறுப்பவர்கள் கேட்கலாம். மரபு உண்மை. ஆனால் அவர்களுக்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் 'கெஸெல்லே' என்ற சொல்லுக்குத் தோழன், உடனுறைபவன் என்பதே வேர்ப்பொருள். பயணம் அதிலும் இல்லை. அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் அணிவிட்டு அணி மாறுபவரை ஜர்னிமேன் என்பதும், பிரித்தானியக் குத்துச்சண்டையில் வளரும் வீரர்களுக்கு எதிராளியாக அமர்த்தப்பட்டுப் பெரும்பாலும் தோற்பவரை அப்படி அழைப்பதும் கூலிக்கு வேலை என்ற பழம்பொருளின் கிளைகளே.

தனித்தமிழ் ஆர்வலர்கள் சிலர் 'பாணர்' என்கிறார்கள். சொல் அழகானது, பொருள் வேறு. பாணர் பெற்றது பரிசில், பேசி முடித்த கூலியன்று. தன்னைக் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பொருளை, 'வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்று மறுத்த பெருஞ்சித்திரனாரின் புறப்பாட்டில் அந்த உலகின் மானம் தெரிகிறது. ஜர்னிமேனோ இன்ன வேலைக்கு இன்ன ஊதியம் என்று ஒப்பி வாசிப்பவர்; அதில் இழிவேதும் இல்லை. 'பக்கவாத்தியக்காரர்' என்பதும் பொருந்தாது. அது மேடையில் ஒருவர் இருக்கும் இடத்தைச் சொல்கிறது, தொழிலில் அவர் இருக்கும் நிலையைச் சொல்வதில்லை. மேலும் மெக்கல்லா பாடகரும் ஆவார். 'கூலிக் கலைஞர்' பொருளில் நெருங்கினாலும், கூலிக்கு மாரடிப்பவர் என்ற ஏளனம் அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

என் பரிந்துரை 'நாள்வினைஞர்'. தொழில் அறிந்து செய்பவருக்கு 'வினைஞர்' என்பது பழந்தமிழ்ச் சொல். மகத வினைஞரும் மராட்டக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தண்டமிழ் வினைஞரோடு கூடி வேலை செய்ததை மணிமேகலை பாடுகிறது. அயல்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவரையும் அந்நூல் வினைஞர் என்றே மதித்தது, நாடோடி என்று தள்ளவில்லை. முன்னே 'நாள்' சேர்த்தால் பிரெஞ்சு வேர் அப்படியே வந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல்லில் உள்ள ஆண்பால் விகுதியும் நீங்குகிறது. சொல் புதிதாகத் தோன்றினால் முதல் முறை 'பல குழுக்களில் ஊதியத்துக்கு வாசித்த தேர்ந்த கலைஞர்' என்று விரித்துவிட்டு, அடுத்த வரியிலிருந்து நாள்வினைஞர் என எழுதலாம். கிதார் மேதை எரிக் கிளாப்டன் தம் 1989ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்கு 'ஜர்னிமேன்' என்று பெயரிட்டதில் உள்ள தன்னடக்கமும் அப்போதுதான் புரியும். ஊரறிந்த ஆசான் தன்னை நாள்வினைஞர் என்கிறார். அதைப் 'பயணி' என்று பெயர்த்தால் அந்த அடக்கம் காணாமற்போகிறது.

இதே பட்டறையிலிருந்து வந்த 'மாஸ்டர்பீஸ்' என்ற சொல்லுக்கும் தமிழில் இந்தக் கதிதான். ஆசானாக ஏற்கப்படுவதற்காக நாள்வினைஞர் தம் தொழிற்குழுவின் முன் வைத்த தேர்வுப் படைப்பு அது. நாம் எதையும் கேளாமல் 'தலைசிறந்த படைப்பு' என்று எழுதிவருகிறோம். 1975இல், மெக்கார்ட்னியின் பழைய பீட்டில்ஸ் தோழர் ஜார்ஜ் ஹாரிசனின் 'டார்க் ஹார்ஸ்' நிறுவனத்தின் வழியே மெக்கல்லா தம் பெயரிலேயே ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். பழம்பொருளில் அவருடைய மாஸ்டர்பீஸ் அதுதான். அவர் வாசித்தவற்றுள் அது தலைசிறந்ததா என்பது வேறு கேள்வி.