நித்தியகல்யாணியும் பத்தாம் நாள் காய்ச்சலும்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணியைப் பயிராகவே போடுகிறார்கள். வறட்சியைத் தாங்கும், ஆடு மாடு வாய் வைக்காது. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி அதை வீட்டு வாசலில் வைக்கத் தயங்குகிறவர்களும் உண்டு. அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுக்கிற வின்கிறிஸ்டின்தான், நிணநீர்ப் புற்றுக்குக் கொடுக்கும் 'சாப்' என்ற கூட்டு மருந்தில் ஒன்று. பொதுவாக 21 நாளுக்கு ஒருமுறை ஊசி. ஊசி ஏற்றுவது ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வேலை. மீதி இருபது நாளும் பார்த்துக்கொள்வது வீட்டில் இருக்கிற மனைவியோ கணவரோதான். எந்த நாளில் எது வரும், ஏன் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் இதையெல்லாம் விளக்கி எழுத இடம் இருப்பதில்லை.

1950-களில் கனடாவில் நோபிள், பீர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தச் செடியைச் சோதித்தார்கள். சர்க்கரை நோய்க்கு இதன் இலைக் கஷாயம் கேட்கும் என்ற நாட்டு வைத்திய நம்பிக்கைதான் தொடக்கம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. வெள்ளணுவைக் குறைக்கும் சரக்கு ரத்தப் புற்றையும் அடக்கலாமே என்று தேடியதில் வின்பிளாஸ்டின் கிடைத்தது, அதன்பின் வின்கிறிஸ்டினும் வந்தது. இதைக் கேட்டுவிட்டு யாராவது இலையைப் பறித்துக் கொதிக்க வைத்துக் கொடுத்துவிடக் கூடாது. சுத்தப்படுத்தி, மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தக் குழாய் (சிரை) வழியாக மட்டுமே ஏற்றுகிற மருந்து அது. செடியில் வேறு நச்சுகளும் இருக்கின்றன.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, உள்ளே மரபுப் பொருளைத் தாங்கிய குரோமோசோம்களை நுண்குழல்கள் இரு முனைக்கும் இழுக்கின்றன. நெல்லையப்பர் தேருக்கு வடம் எப்படியோ, குரோமோசோம்களுக்கு இந்தக் குழல்கள் அப்படி. வின்கிறிஸ்டின் அந்தக் குழல்களைக் கட்டவே விடாது. செல் பாதிப் பிரிவில் நின்று மடிந்துபோகும். கூடவே ஏற்றுகிற மற்ற இரண்டு ஊசி மருந்துகளும் மரபுப் பொருளையே சிதைக்கின்றன. புற்று செல்தான் குறி. ஆனால் ஓயாமல் பிரியும் நல்ல செல்களும் உடம்பில் இருக்கின்றனவே: எலும்பு மஜ்ஜை, முடியின் வேர், வாயிலும் குடலிலும் உள்ள மேல்தோல். அடி அங்கேயும் விழுகிறது.

முதலில் வருவது குமட்டல். மருந்து பட்டதும் குடல் சுவரின் செல்கள் செரட்டோனினைக் கொட்டுகின்றன, அது நரம்பு வழியாக மூளையின் வாந்தி மையத்தைத் தட்டி எழுப்புகிறது. ஆண்டன்செட்ரான் மாத்திரை அந்தச் செய்தியைத்தான் வழிமறிக்கிறது. அதனால் வாந்தி வரட்டும், பிறகு கொடுப்போம் என்று காத்திருக்காமல் சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்று: குமட்டலுக்கு முன்னால் சாப்பிட்டது எதுவோ, அதை மூளை விஷம் என்று குறித்து வைத்துக்கொள்ளும். அவருக்குப் பிடிக்குமே என்று ஊசி போடும் நாளில் சொதி வைத்தால், பிறகு பல மாதம் தேங்காய்ப்பால் வாசனையே ஆகாமல் போகலாம். அன்றைக்கு இட்லியோ ரசஞ்சோறோ போதும். பிடித்ததை மூன்றாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாளிக்கிற வாசனையே ஆகவில்லை என்றால் சாப்பாட்டை ஆறவைத்துக் கொடுங்கள்.

முதல் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் இல்லை, கூட ஏற்றுகிற ஊசி மருந்துகளில் ஒன்றான டாக்சோரூபிசினின் நிறம். முதல் ஐந்து நாள் 'சாப்'பில் சேர்ந்த பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையால் பசி எடுக்கும், தூக்கம் வராது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார், சர்க்கரையும் ஏறும். அந்த மாத்திரை நின்றதும் ஆள் துவண்டு படுத்துவிடுவார். இரண்டுக்கும் காரணம் மாத்திரை. அந்த நாட்களில் அவர் சொன்ன சுடுசொல்லை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் வருவதுதான் எனக்குக் கவலை தரும் காலம். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும், அதனால் சோகை மெதுவாக, பல சுற்றுக்குப் பிறகுதான் தெரியும். கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுவுக்கோ ரத்தத்தில் ஓரிரு நாள்தான் ஆயுள். மஜ்ஜையில் புதியது உருவாகாவிட்டால் கையிருப்பு வேகமாகத் தீரும். பெரும்பாலும் 10-லிருந்து 14-ஆம் நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்குகிறது. சீழ் பிடிக்கவும் புண் வீங்கவும்கூட வெள்ளணு வேண்டும். அது இல்லாதபோது தொற்றுக்கு ஒரே அடையாளம் காய்ச்சலாக இருக்கலாம். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால், நள்ளிரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று பார்ப்பது ஆபத்து. காய்ச்சலை அது மறைத்துவிடும், கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கும்.

அந்த நாட்களில் பழைய சோறு வேண்டாம். மற்ற நாளில் நல்லது செய்யும் நொதித்த சோறுதான், ஆனால் இப்போது எந்தக் கிருமியையும் உள்ளே விடாமல் இருப்பது நல்லது. கொதித்து ஆறிய தண்ணீர், சூடாகச் சமைத்த சாப்பாடு. "அண்ணன் எப்படி இருக்காவ மைனி?" என்று பாசத்தோடு வருகிறவர் மூக்கைச் சிந்தினால், வாசலிலேயே பேசி அனுப்புவதில் தப்பில்லை. மஜ்ஜையின் மூலச் செல்களில் பெரும்பாலானவை பிரியாமல் ஓய்ந்து கிடப்பவை, அதனால் தப்பிவிடும். மூன்றாம் வாரத்தில் அவை வெள்ளணுக்களைத் திரும்ப நிரப்புகின்றன. 21 நாள் இடைவெளி அதற்காகத்தான்.

முடி கொட்டும். சிகிச்சை முடிந்த சில மாதத்தில் வளர்ந்துவிடும்.

நரம்பு விஷயம் வேறு. நரம்பு செல் பிரிவதில்லை, ஆனால் அதே நுண்குழல்கள் வழியாகத்தான் முதுகுத் தண்டின் அருகிலிருந்து கால் விரல் வரைக்கும் அதற்குச் சத்து போகிறது. குழல் கெட்டால் நீளமான நரம்பின் நுனி முதலில் மரத்துப்போகும். குடலை அசைக்கும் நரம்பும் மந்தமாகி மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. மரத்துப்போனதை அவரே சொல்லமாட்டார், கூட இருக்கிறவர்தான் கவனிக்க வேண்டும். சட்டைப் பொத்தானோடு வெகுநேரம் மல்லுக்கட்டுகிறாரா, செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா என்று பாருங்கள். அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட்டால், வின்கிறிஸ்டின் அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று அவர் அப்போதே முடிவெடுக்க முடியும்.