தாவரக் கழிவிலிருந்து வாசனைப்பொருள்: ஆலைக்கு வேண்டிய அனுமதியும் அக்கம்பக்கத்தாரின் உரிமையும்

பிஸ்கட்டிலும் ஐஸ்கிரீமிலும் வெனிலா மணத்துக்காகச் சேர்க்கப்படும் வெனிலினை, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளிலிருந்தோ, அரிசித் தவிட்டில் கிடைக்கும் ஃபெருலிக் அமிலத்திலிருந்தோ தயாரிக்கும் ஆலை, மூலப்பொருள் தாவரம் என்ற காரணத்தால் மட்டும் சுற்றுச்சூழல் சட்டங்களிலிருந்து விலக்குப் பெற்றுவிடாது. லேபிளில் ‘இயற்கை’ என்று அச்சிடலாமா என்பது உணவுப் பாதுகாப்பு விதிகளைச் சார்ந்த வேறு விஷயம்.

லிக்னினைக் காரக் கரைசலில் சூடாக்கி ஆக்சிஜனேற்றம் செய்யும்போது அதில் சிறு பங்கே வெனிலினாக மாறுகிறது. எஞ்சுவது காரம் மிகுந்த கரிய கழிவுநீர். நொதிக்கவைக்கும் முறை மென்மையானதாகத் தோன்றினாலும், வெனிலின் நுண்ணுயிரிகளுக்கே நஞ்சாவதால் நீர்த்த நிலையில்தான் கிடைக்கிறது. ஆகவே நிறைய நீர் செலவாகி, கரிமப் பொருள் மிகுந்த கழிவாக வெளியேறுகிறது. அது அப்படியே, பெங்களூரில் ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரியில் கலந்தால் நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மடியும். நீர்நிலையில் விடும் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு, லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுத் தரநிலை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதைவிடக் கடுமையாகவும் நிபந்தனை விதிக்கலாம்.

பெங்களூர்ப் பகுதியின் பீன்யா, ஜிகணி, பொம்மசந்திரா போன்ற தொழிற்பகுதிகளில் இத்தகைய ஆலை தொடங்குபவர், 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் ஆகியவற்றின்படி, ‘கன்சென்ட்’ என்று எல்லோரும் சொல்லும் இசைவாணையைக் கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பொதுவாக நிறுவும் முன் ஒரு முறையும் இயக்கும் முன் ஒரு முறையும் பெற வேண்டும். வேதிவினை மூலம் கரிமச் சேர்மம் தயாரிப்பதானால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 5(எஃப்) பிரிவில் வரும். அதற்குச் சுற்றுச்சூழல் முன்அனுமதியும் தேவை. அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பேட்டைக்குள் அமையும் ஆலைக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்தப்படாமல் போகலாம். அருகில் குடியிருப்போருக்கு இது குறைதான்.

ஆனாலும் கைவசம் வேறு வழிகள் உள்ளன. நீர்ச் சட்டத்தின் 25(6) பிரிவின்படி, இசைவாணை நிபந்தனைகளைப் பதிந்துள்ள பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர் எவரும் வாரியத்தில் பார்வையிடலாம். முன்அனுமதி பெற்ற ஆலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் இணக்க அறிக்கை பொது ஆவணம். விண்ணப்பித்தால் நகல் தர வேண்டும். சர்ச் தெருவிலுள்ள வாரியத் தலைமையகத்துக்குப் புகாரை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை முத்திரையுடன் ஒரு பிரதியை வைத்துக்கொள்வது நல்லது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நாடுவதானால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். இழப்பீடு கோருவதற்கு ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு.