குரலை அளக்கலாம், கோபத்தை?

பேச்சை ஆராயும் மென்பொருள் எழுதுவது என் தொழில். ஒருமுறை சோதனைக்கு வந்த தொலைபேசிப் பதிவுகளில், ஒரு பெரியவர் பேசிய அத்தனையிலும் 'கோபம்' என்று கணினி குறித்திருந்தது. போட்டுக் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. காது மந்தம், அதனால் உரக்கப் பேசுகிறார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா" என்று நாலைந்து முறை கேட்கிறார், அவ்வளவுதான்.

கணினி பேச்சை 20, 30 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, சுருதி, சத்தம், ஒலியாற்றல் எந்த அதிர்வெண்களில் குவிகிறது என்பதையெல்லாம் அளக்கிறது. பேச்சின் வேகத்தையும் இடைவெளிகளையும் சேர்த்துக்கொள்கிறது. குரலில் உணர்ச்சியின் வேகம் ஏறியிருக்கிறதா, தணிந்திருக்கிறதா என்பது இதில் நன்றாகவே பிடிபடும். ஆனால் குதூகலத்திலும் சுருதி ஏறும், கோபத்திலும் ஏறும். சோகமும் களைப்பும் இதேபோல ஒன்றுக்கொன்று குழம்பும்.

அப்புறம், எது கோபம், எது சோகம் என்று கணினிக்கு விடை சொல்லிக்கொடுப்பது யார்? கணினியைப் பழக்க உதவும் பேச்சுப் பதிவுகளில் ஒன்று, 2005-ல் வெளியான பெர்லின் தொகுப்பு. அதில் 10 நடிகர்கள், 10 வாக்கியங்களை, கோபம், சோகம் என 7 விதமாகப் பேசியிருக்கிறார்கள். எல்லாம் நடிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லப் பேசுகிறவரின் கோபம் இப்படிப் பழகிய கணினிக்குத் தட்டுப்படுவது கஷ்டம். நடிக்காத பேச்சும் உண்டு. ஐபோ என்ற ரோபோ நாயோடு 51 ஜெர்மானியக் குழந்தைகள் பேசியதைப் பதிவு செய்தார்கள். 2009-ல் அதை வைத்து ஆய்வாளர்களுக்கு ஒரு போட்டியே நடந்தது. அந்தப் பதிவுகளையும் ஐந்து பேர் கேட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு உணர்ச்சியைக் குறித்தார்கள். பெரும்பான்மை சொன்னதே விடை. குழந்தைக்கு உள்ளே என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. பதிவைக் கேட்டவர்களுக்குத் தோன்றியதைத்தான் கணினி கற்றது. என் தொழிலில் நான் அடிக்கடி சொல்ல வேண்டியிருப்பது இதைத்தான்.

இப்படி ஒரு கருவியை வாங்குகிறீர்களா? துல்லியம் எத்தனை சதவீதம் என்பதோடு நின்றுவிடாதீர்கள். பயிற்சியில் இருந்த அதே ஆட்களின் குரலை வைத்தே சோதித்தார்களா என்று கேளுங்கள். அப்படிச் செய்தால் மதிப்பெண் தானாகவே கூடிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி 2 முதல், வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் ஒருவரின் குரலையோ முகத்தையோ வைத்து உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவுக்குத் தடை இருக்கிறது. மருத்துவம், பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. ஒருவரின் சம்பளமும் மதிப்பெண்ணும் இந்த ஊகத்தில் தொங்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடும்.

அந்தப் பெரியவரின் பதிவுக்குப் பிறகு, எங்கள் திரையில் 'கோபம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'உரத்த குரல்' என்று மாற்றினோம்.